சோதனை இல்லாத வாரம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, எட்டாம் தளத்து நடைவழியில், 8136-ஆம் எண் அறைக் கதவைத் தட்ட டெலியா கையை ஓங்கியபோது உள்ளே யாரோ இருமினார்கள். ஓங்கிய கை அப்படியே நின்றது. தொண்டையைச் செருமிக்கொள்ளும் இருமல் இல்லை அது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதி வழியில் மூச்சு தீர்ந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற இருமல். கப்பலில் ஐந்து வருடம் அறை பெருக்கியவளுக்கு இருமல்களை ரகம் பிரிக்கத் தெரியும். சுருட்டுப் பிடிக்கிறவர்களின் இருமல், ராத்திரி முழுக்கக் குடித்தவனின் இருமல், சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும் புருஷன் பெண்டாட்டியின் இருமல் என்று எத்தனையோ உண்டு. இது அவற்றில் எதுவும் இல்லை. இரண்டு வருடம் முன்னால் இந்த ஒரு சத்தத்துக்குப் பயந்துதான் உலகத்துக் கப்பல்கள் எல்லாம் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றன.

கதவு ஒரு சாண் திறந்தது. வெர்னா ப்ருயிட் முகத்தை மட்டும் வெளியே நீட்டினார். எழுபத்துமூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை மயாமியில் ஏறியதுமே டெலியாவின் பெயரைக் கேட்டு, அதை மறக்காமல் ஒவ்வொரு முறையும் கூப்பிடுகிறவர். அப்படிப்பட்டவர்கள் நூற்றில் நான்கு பேர் இருந்தால் அதிகம்.

"டெலியா கண்ணு, இன்னிக்கு ரூம் சுத்தம் பண்ண வேண்டாம். டவல் மட்டும் வெளியில வெச்சுட்டுப் போ."

"சாருக்கு உடம்பு சரியில்லையா மேடம்?"

"ஏசிதான். ஹாலிஸுக்கு எப்பவுமே ஏசி ஒத்துக்காது." சொல்லிவிட்டு அந்த அம்மாள் டெலியாவின் மாஸ்க்கையே பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "அம்பதாவது கல்யாண நாளுக்குப் போட்ட டிக்கெட்டும்மா இது. ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. இப்ப அம்பத்திரெண்டு ஆயிடுச்சு. கீழ இருக்கற அந்த ஜன்னல் இல்லாத ரூம்ல அவரை அடைச்சுட மாட்டீங்கள்ல?"

கதவுக்குக் கீழே உருட்டிக் கட்டி வைத்திருந்த பெட்ஷீட் மூட்டையை எடுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், பயணிகள் ஏறுவதற்கு முன்னால், எட்டாம் தளத்துப் பணிப்பெண்கள் பதினான்கு பேரையும் சூப்பர்வைசர் கேதுத் துணிக் கிட்டங்கியில் நிற்க வைத்துப் பேசியிருந்தார். பாலித் தீவுக்காரர். கத்தவே மாட்டார். அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். கம்பெனி யோசித்துக்கொண்டிருக்கிறது என்றார். அரசாங்கம் தன் விதிகளை எடுத்துவிட்டது, இனி கப்பல் முதலாளிகளே முடிவு செய்துகொள்ளலாம். ஏறுவதற்கு முன் சோதனைச் சான்று கேட்பதா வேண்டாமா? கேட்டால் பாதிப் பேர் வேறு கம்பெனிக் கப்பலில் ஏறிவிடுகிறார்கள். ஆகவே இரண்டு கப்பல்களில் மட்டும் ஒரு வாரம் சோதனை இல்லாமல் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். அந்த இரண்டில் நம் கப்பல் ஒன்று. சிப்பந்திகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் மூக்கில் குச்சி விடுவதும் இந்த வாரம் கிடையாது.

"அப்ப உடம்புக்கு முடியலைன்னா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

"நீங்களா வந்து சொல்லணும். பயணியும் அவரா வந்து சொல்லணும். எல்லாரும் பெரியவங்கதானே?"

"ரூம்ல யாராவது இருமினா சார்?"

கேதுத் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "பார்க்காதேன்னு நான் சொல்லல. தேடாதேன்னுதான் சொல்றேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். டெலியாவும் சிரித்தாள் என்றுதான் நினைவு. கலைந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். இரண்டாம் தளத்தில் தனிமைக்கென்று ஒதுக்கியிருந்த நாற்பது அறைகளில் முப்பதை விற்பனைக்கு விட்டாகிவிட்டது. மீதி பத்து. விதி மட்டும் பழைய விதிதான். காய்ச்சல்காரருக்குப் பத்து நாள், கூட இருந்தவர்களுக்கும் பத்து நாள்.

பத்து நாள் என்பது டெலியாவுக்கு வெறும் எண்ணிக்கை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பல் கிளம்பினால் அடுத்த ஞாயிறு, ஜூலை இருபத்துநாலு, அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. மயாமியில் இறங்கி விமானம் பிடித்தால் இருபத்தாறாம் தேதி சாயங்காலம் பிலிப்பைன்ஸில், இலோய்லோவில் வீட்டு வாசல். இருபத்தேழாம் தேதி அப்பாவின் வருஷ நாள். அன்றைக்குக் காலையில் கோயிலில் பூசை முடித்து, கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி, ஒரு வருஷமாக உடுத்திய கருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளையோ பூப்போட்டதோ மாற்றிக்கொண்டு எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அத்தோடு துக்கம் முடிந்தது. ஊரும் அப்புறம் கேட்காது. பிள்ளைகள் நான்கு பேரில் ஒருத்தி குறைந்தாலும் கருப்பைக் கழற்றுவதில்லை என்று தங்கை சோனா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

போன வருஷம் அப்பாவைப் புதைக்கும்போது டெலியா இதே கப்பலின் இரண்டாம் தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பூட்டப்பட்டுக் கிடந்தாள். அவளுக்குக் காய்ச்சல்கூட இல்லை. சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு இருந்தது. போனில் சோனா காட்டிக்கொண்டே வந்தாள். பெட்டியைக் கயிற்றில் இறக்கும் நேரத்தில் படம் உறைந்து நின்றது. மறுபடி வந்தபோது மண் மேடாகியிருந்தது. அன்றைக்குக் கதவுக்கு வெளியே, கார்ப்பெட் தரையில், யாருக்கும் தெரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கதவைத் தட்டித் தட்டி ஜெபம் சொன்னவள் நெனித். டெலியாவோடு அறையில் இருப்பவள், லாண்டரிக்காரி, நாற்பத்தொரு வயது. "அழுடி. நான் இங்கதான் இருக்கேன். அழுறதுக்குக் கம்பெனி சம்பளம் புடிக்காது" என்றாள்.

அதனால், செவ்வாய்க்கிழமை காலை அந்த வெதுவெதுப்பான மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டெலியா கொஞ்ச நேரம் நின்றாள். தொலைபேசி நடைவழிக் கோடியில் இருந்தது. மருத்துவ அறைக்கு எண் அழுத்தினால் கால் மணி நேரத்தில் ஆள் வந்துவிடும். வந்ததும் முதல் கேள்வி, ஞாயிறும் திங்களும் இந்த அறையைச் சுத்தம் செய்தது யார் என்பதுதான்.

தள்ளுவண்டியின் மேலே அட்டையில் அன்றைய அறைத்தாள் செருகியிருந்தது. சுத்தம் செய்தால் ஒரு எழுத்து, வேண்டாம் என்றால் ஒரு எழுத்து, கதவில் தொந்தரவு செய்யாதீர்கள் அட்டை தொங்கினால் ஒரு எழுத்து. இரண்டு நாள் தொடர்ந்து அட்டை தொங்கினால் காவலாளி வந்து கதவைத் திறந்து பார்த்தாக வேண்டும். உள்ளே யாராவது செத்துக் கிடக்கலாம் அல்லவா? டெலியா 8136-க்கு நேராகச் சுத்தம் செய்தது என்று எழுதினாள். கையெழுத்து வழக்கம்போல் அழகாகவே விழுந்தது.

பெட்ஷீட் மூட்டைதான் மிச்சம். காய்ச்சல் அறைத் துணிக்குச் சிவப்புப் பை உண்டு. கட்டிய பையைப் பிரிக்காமல் அப்படியே இயந்திரத்தில் போடுவார்கள், வெந்நீரில் பையே கரைந்துபோகும். யார் கையும் துணியில் படாது. ஆனால் சிவப்புப் பை கேதுத்தின் பீரோவில் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எண், எடுக்கக் கையெழுத்து. பை கேட்பதும் போன் பண்ணுவதும் ஒன்றுதான். டெலியா மூட்டையை வெள்ளைப் பையில் திணித்து, சரிவுக் குழாயில் தள்ளிவிட்டாள். எட்டு தளங்களைக் கடந்து அது கீழே விழும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மதியம் இரண்டரை மணிக்கு ஓய்வுக்காக அறைக்குப் போனபோது நெனித் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து கருவாட்டை ஊறுகாயோடு தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவர்கள் அறை நீர்மட்டத்துக்குக் கீழே. விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் உரசிக்கொண்டு போவது காதில் விழும்.

"வாடி மகாராணி. மேல மேம்சார்ங்க எல்லாம் எப்படி இருக்காங்க?" ஆணா பெண்ணா என்று பார்க்க நேரமில்லாமல் எல்லோரையும் மேடம் சார் என்று ஒரே மூச்சில் கூப்பிட்டுப் பழகி, சிப்பந்திகளுக்குள் பயணிகளின் பெயரே மேம்சார் ஆகிவிட்டது.

"இருக்காங்க."

"மூஞ்சியத் தொறந்து போட்டுக்கிட்டுத் திரியுறாங்க. நமக்கு மட்டும் மூக்குல துணி. அதுவும் அந்த லாண்டரி அடுப்புல நின்னுக்கிட்டு யாரு மாட்டுவா? நான் கழட்டி இடுப்புல சொருகிட்டேன்." நெனித் தலையணைக்கடியில் துழாவி எதையோ எடுத்தாள். "இங்க பாரு, இன்னிக்கு வேட்டை. போன வாரம் பல்செட்டு, சிரிச்சுக்கிட்டே கெடந்துச்சு. இந்த வாரம் கண்ணாடி. தலையணை உறைய ஒரு உதறு உதறினேன், டங்குன்னு விழுந்துச்சு. எட்டாம் தளத்துப் பையி. உன் ஆளுதானா பாரு."

வெள்ளைப் பை என்றால் அப்படித்தான். மேஜையில் கொட்டி, ஒவ்வொரு துணியையும் முகத்துக்கு நேரே தூக்கி உதற வேண்டும். மோதிரம், போன், காது மெஷின் எல்லாம் அதில்தான் வரும். இயந்திரத்துக்குள் போய்விட்டால் உதறியவள் தலையில் விடியும். டெலியா இதை ஐந்து வருடமாக அறிந்தவள். காலையில் அந்தக் குழாயின் முன்னால் நின்ற அரை நிமிஷத்தில் மட்டும் அது அவள் மனசில் எழவில்லை. தடித்த பழுப்புச் சட்டம், காதோரம் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹாலிஸ் ப்ருயிட்டின் மூக்கின் மேல் பார்த்த கண்ணாடி.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. 8136. குடுத்துடறேன்."

"குடுத்துட்டு, கருத்துச் சீட்டுல உனக்கு நட்சத்திரம் நல்லாப் போடச் சொல்லு."

நெனித் சிரித்தாள். சிரிப்பின் முடிவில் அவளுக்கு எப்போதும் வரும் சின்ன விசில் சத்தம் வந்தது. ஆஸ்துமா. கம்பெனி டாக்டருக்குத் தெரியாது, தெரிந்தால் தகுதிச் சீட்டு கிடைக்காது. ஊரிலிருந்து வாங்கி வந்த இன்ஹேலரை ஷாம்பு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். டெலியா மேல்கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கண்ணாடியைக் கைத்துடைக்கும் காகிதத்தில் நான்கு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

புதன்கிழமை கண்ணாடியைக் கொடுக்கப் போனபோது வெர்னா அம்மாள் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தார். ஹாலிஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. கையை ஆட்டினார். "அந்தப் பொண்ணு தங்கம்" என்று உள்ளேயிருந்து சொல்ல முயன்று இருமலில் முடித்தார். டெலியா இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள். அன்றைய மூட்டையும் வாசலில் இருந்தது. அதைத் தன் வண்டியின் அடித்தட்டிலேயே ஒளித்து வைத்துவிடலாமா என்று நினைத்தாள். ஞாயிறுவரை வரும் மூட்டைகளை எல்லாம் எங்கே ஒளிப்பது? குழாயில் போட்டாள். போடுவதற்கு முன் பையின் வாயை மூன்று முடிச்சு போட்டு இறுக்கினாள். முடிச்சை அவிழ்க்கப் போவது நெனித்தின் கைதான் என்பது மூன்றாவது முடிச்சு போடும்போது புரிந்தது.

வியாழக்கிழமை ஹாலிஸ் எழுந்துவிட்டார். காலை உணவுக் கூடத்தில், ரொட்டிகள் அடுக்கிய நீண்ட மேஜை ஓரமாக, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதைத் தின்பது என்று யோசித்து, ரொட்டிகளுக்கு மேலாகக் குனிந்து, இருமினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்கள். "ஏசிதான்" என்று ஹாலிஸ் அவர்களிடம் சொல்வது டெலியாவுக்குக் கேட்டது. "ஆமா ஆமா, எனக்கும்தான்" என்று ஒரு பெண் பதில் சொன்னாள்.

அன்றைக்கு மாலைக்குள் அவள் பொறுப்பில் இருந்த பதினெட்டு அறைகளில் நான்கில் அட்டை தொங்கியது. வெள்ளிக்கிழமை ஏழில். கேதுத் அறைத்தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினான்கு பேருடைய தாளிலும் எல்லா அறைக்கும் சுத்தம் செய்தது என்றே எழுதியிருந்தது. தன்னைப் போலவே எல்லோரும் மறைத்திருக்கிறார்கள் என்று டெலியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தாள்களை அடுக்கித் தட்டிச் சமன் செய்துவிட்டு, "நல்ல கையெழுத்து எல்லாருக்கும்" என்று மட்டும் கேதுத் சொன்னார். அவர் கண் ஓரங்கள் சிவந்திருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு அறைக்கு வெளியே போய் இருமிவிட்டு வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், "ஏசி சார்" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சிப்பந்திகளின் சாப்பாட்டுக் கூடம் வழக்கமாகக் காது கிழியும். வெள்ளிக்கிழமை அது அமைதியாக இருந்தது. கரண்டிச் சத்தம், இருமல், நாற்காலி இழுபடும் சத்தம், எங்கோ இன்னொரு இருமல். ஒருவர் இருமினால் மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள்.

போனில் சோனாவின் குரல்செய்தி வந்திருந்தது. "அக்கா, பன்னிக்குச் சொல்லியாச்சு. சாமியார் ஏழு மணிப் பூசைன்னு சொல்றாரு, ஆனா நீ விமானம் ஏறிட்டேன்னு நான் சொன்னப்புறம்தான் உறுதி பண்ணுவாராம். போன வருஷம் மாதிரி ஆயிடக் கூடாதுங்கறாரு. உனக்கு மஞ்சள்ல ஒரு கவுன் தைக்கக் குடுத்துருக்கேன், இளைச்சிருக்கியா குண்டாயிட்டியான்னு சொல்லு. அங்க எல்லாம் நல்லாத்தான இருக்கு?"

டெலியா போனை வாயருகே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். "எல்லாம் நல்லா இருக்குடி. கப்பல் காலியாத்தான் ஓடுது, வேலையே இல்ல. குண்டாயிட்டேன்னு வெச்சுக்க. ஞாயித்துக்கிழமை ஏறினதும் சொல்றேன்." அனுப்பிவிட்டுத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அவள் குரலுக்குப் பின்னால், கீழ்க்கட்டிலில், மூச்சு விசிலடிப்பது தெளிவாகப் பதிவாகியிருந்தது.

சனிக்கிழமை மதியம் டெலியா பெட்டி அடுக்கினாள். சோப்பு, சாக்லேட், டப்பாவில் அடைத்த இறைச்சி, தம்பிக்கு ஒரு ஜோடி ஷூ. நெனித் கட்டிலில் படுத்திருக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சை ஒரு வேலையைப் போலச் செய்துகொண்டிருந்தாள். மாதவிலக்கு வலி என்று லாண்டரி மேஸ்திரியிடம் சொல்லி ஒரு நாள் விடுப்பு வாங்கியிருந்தாள். இன்ஹேலரை அழுத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. குலுக்கி மறுபடி அழுத்தினாள்.

டெலியா தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"அக்கா. அந்த 8136..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"கண்ணாடி எடுத்தன்னிக்கே தெரியும்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தினாள். "உறை ஈரமா இருந்துச்சு. காய்ச்சக்காரன் வேர்வை எனக்குத் தெரியாதா? மூணு புள்ளை வளர்த்தவ."

"ஏங்க்கா என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிருப்ப. நீ சொன்னா, நானும் போய்ச் சொல்லணும். சொன்னா உன்னத் தூக்கிக் கீழ அடைப்பான்." நெனித் அவள் தலையில் கை வைத்தாள். கை சுட்டது. "உங்கப்பாவ ஒரு தடவை போன்ல புதைச்சது போதும்டி. போய்க் கருப்பக் கழட்டு."

"இப்பவே டாக்டரக் கூப்பிடறேன்."

"கூப்பிட்டுப் பாரு. கொன்னுடுவேன். எனக்கு இது புதுசா? நாளைக்கு நீ எறங்கினதும் நானே போன் பண்ணிக்கறேன். சத்தியமா. பத்து மணி வரைக்கும் பொறுத்துக்க மாட்டேனா?" பிறகு, கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, "அந்த நீல டீசட்டைய எடுத்து வெச்சியா? என் பெரியவனுக்கு. மறந்து தொலைச்சிடாத."

டெலியா எடுத்து வைத்தாள். அவளால் அப்போது செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. அப்படியில்லை என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கப்பல் மயாமியில் கட்டப்பட்டிருந்தது. எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டிக்காக, ஊருக்குப் போகும் பதினோரு சிப்பந்திகள் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்குவாயிலில் காத்திருந்தார்கள். வண்டி வர ஒன்பதேமுக்கால் ஆனது. அதற்குள் இறங்க வேண்டிய பயணிகள் எல்லோரும் அவர்களைத் தாண்டித்தான் போனார்கள். ப்ருயிட் தம்பதியும் போனார்கள். ஹாலிஸ் சக்கர நாற்காலியில் இருந்தார். வெர்னா அம்மாள் டெலியாவைப் பார்த்ததும் நின்று, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரல் போய்விட்டது என்று சைகையில் சொல்லிச் சிரித்தார். பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டினார். பத்து நட்சத்திரம்.

கூரை ஒலிபெருக்கியில் ஓட்டல் பகுதி மேலாளரின் குரல் வந்தது. சிப்பந்திகளுக்கான செய்தி. இந்த வாரம் முழுவதும் ஒரு நோயாளிகூடப் பதிவாகவில்லை. தலைமை அலுவலகம் முடிவெடுத்துவிட்டது, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கம்பெனியின் எல்லாக் கப்பல்களிலும், நம் கப்பலில் இன்றிலிருந்தே, சோதனை நீக்கப்படுகிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. நடைவழிகளில் எங்கெங்கோ கைதட்டல் கேட்டது. பேசி முடித்த பிறகும் மேலாளர் பொத்தானை விடாமல் வைத்திருந்திருக்க வேண்டும், இரண்டு செருமல்கள் கப்பல் முழுக்க ஒலித்து நின்றன.

"பத்து பேரு முடிஞ்சுது. கடைசி ஆள், வா" என்றான் வாயில் காவலாளி, நேபாளத்துக்காரன். "கார்டைத் தேய்ச்சுட்டுக் குடுத்துடு தங்கச்சி. ஒரு தடவை தேய்ச்சாத் திரும்ப உள்ள வர முடியாது, ஏதாவது மறந்துருந்தா இப்பவே சொல்லு."

டெலியா அறையிலிருந்து கிளம்பியது ஏழு மணிக்கு. அப்போது நெனித் பேசவில்லை, கையை மட்டும் போ போ என்று ஆட்டினாள். உதட்டோரம் வேறு நிறமாக இருந்தது. விளக்கு வெளிச்சம் அப்படி என்று டெலியா தனக்குச் சொல்லிக்கொண்டு பெட்டியை இழுத்தாள். எட்டரைக்கு அனுப்பிய செய்திக்கு ஒரு பதில் வந்தது, ஒரே ஒரு கட்டைவிரல். ஒன்பதேகாலுக்கு அனுப்பியது பார்க்கப்படவே இல்லை. பத்து மணிக்கு நானே போன் பண்ணிக்கறேன் என்றவள் போன் வரைக்கும் நடக்க முடிகிறவளா? புது அறைக்காரி வருவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதுவரை அந்தக் கதவை யாரும் தட்டப் போவதில்லை.

கையில் போன் அதிர்ந்தது. சோனா. "ஏறிட்டியா?"

வாயில் பாலத்தின் மறுமுனையில் வண்டி இயந்திரத்தை அணைக்காமல் நின்றது. பதினோராவது இருக்கை காலியாக இருந்தது, கதவு திறந்திருந்தது. ஓட்டுநர் மணியைப் பார்த்தான்.

"தங்கச்சி?" என்றான் காவலாளி. கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

டெலியா கார்டை இயந்திரத்தின் மேல் வைக்கப்போய் எடுத்தாள். காவலாளியின் மேஜைக்குப் பின்னால், சுவரில், வெள்ளைத் தொலைபேசி இருந்தது. அவனைக் கேட்காமலேயே எட்டி எடுத்தாள். மருத்துவ அறையின் எண்ணை விரல் தானாக அழுத்தியது. மணி அடித்தது. ஐந்து முறை, ஆறு முறை. யாரும் எடுக்கவில்லை. வைத்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. முயன்று பார்த்தாகிவிட்டது, எடுக்கவில்லை, அவள் என்ன செய்வாள்? ஏழு. எட்டு. ஒன்பதாவது மணியில் எடுத்த பெண் குரல் கரகரத்திருந்தது. "மருத்துவ அறை. சொல்லுங்க. ஒரு நிமிஷம்..." அந்தப் பக்கம் வாயை ஒதுக்கிக்கொண்டு இருமுவது கேட்டது. "சொல்லுங்க."

"ஜீரோ தளம், அறை 0214. லாண்டரி நெனித். மூச்சு விட முடியல. ஆஸ்துமா இருக்கு. ஆக்சிஜன் எடுத்துட்டு ஓடுங்க."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

"கூட இருந்தவங்க யாரு?"

டெலியா தன் முழுப் பெயரையும் சிப்பந்தி எண்ணையும் சொன்னாள். காவலாளி நீட்டிய கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மேஜை ஓரத்தில் கிடந்த மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டு, வண்டிக்காரனைப் பார்த்து விரலால் போகச் சொல்லிக் காட்டினான். "அந்த ஓரமா நில்லு. எதையும் தொடாத" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான்.

அவள் ஓரமாக நின்றாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பயணிகள் ஏறும் கூடம் தெரிந்தது. இரண்டு வாரம் முன்புவரை சோதனைச் சான்று பார்த்த மேஜைகளை இரண்டு ஆட்கள் கால்களை மடக்கிச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஜை இருந்த இடங்களில் தரை வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, ஆனால் வரிசை அதற்குள்ளேயே தெருவரை வளர்ந்திருந்தது. தொப்பிகள், பூப்போட்ட சட்டைகள், சக்கர நாற்காலிகள். வரிசையின் முதல் ஆளாக நின்ற ஒரு பெரிய குடும்பத்தைப் புகைப்படக்காரன் வெள்ளை மிதவை வளையத்துக்குப் பின்னால் நெருக்கமாக நிற்க வைத்தான். இன்னும் நெருக்கமா, இன்னும், என்று கையால் சேர்த்தான். எல்லோரும் ஒருவர் கன்னத்தோடு ஒருவர் கன்னத்தை ஒட்டி, ஆழமாக மூச்சை இழுத்து, வாயை அகலத் திறந்தார்கள்.